வாங்கக் கூடாத மீன்

பிரிட்ஜ்டவுன் வக்கீல் அலுவலக பெஞ்சில் யூடோரா காலையிலிருந்து காத்திருந்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையில் இன்னும் பிளீச்சிங் நெடி. அதே ஓட்டல்தான் அவள் மரவீடு நிற்கும் மனையை வாங்கி, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விட்டிருந்தது. வீட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம். இறக்கி வைக்க அவளுக்கென்று இருப்பது அப்பா விட்டுப்போன துண்டு நிலம் ஒன்றுதான். அதில் மீனவன் ஆல்ஸ்டன் வீடு வைத்துக் குடியிருந்தான்.

குமாஸ்தா ஹார்லி, காலி செய்யச் சொல்லும் இரண்டு அச்சு நோட்டீஸ் தாள்களை மேசையில் போட்டார். வீட்டுக்கு வாடகை கொடுப்பவனுக்கு ஒன்று, மனைக்குக் கொடுப்பவனுக்கு ஒன்று. மாற்றிக் கொடுத்தால் கோர்ட்டில் நிற்காது என்றார்.

"வீடு யாரோடது?"

"அவனோடது. மண்ணு மட்டும் என்னோடது."

மனைத் தாளை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, வாடகை எப்படித் தருகிறான் என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மீனாக என்றாள்.

"மீனும் வாடகைதாம்மா. இதைக் கொடுத்தப்புறம் ஒத்த மீன்கூட வாங்கிடாதீங்க. வாங்கினா, இருந்துக்கோன்னு நீங்களே சொன்னதா ஆயிடும்."

 போன மாதம், நோட்டீஸ் வந்த பிறகு, ஓட்டலில் யூடோரா தன் மனை வாடகையை நீட்டியபோது அந்த ஆபீஸ் பெண் சிரித்தபடி, இருக்கட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தாள். மனம் இரங்கிவிட்டார்கள் என்று யூடோரா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தேவாலயத்தில் அவர்களுக்காக ஜெபம்கூடச் செய்தாள். இப்போது வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கையெழுத்துப் போட்டாள்.

அவள் கொடுத்த நோட்டீஸை ஆல்ஸ்டன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல வாளியோடு வந்து நின்றான்.

"நல்ல மீன்பாடுக்கா. பறவைக்கோலா மீன். முள்ளெல்லாம் எடுத்துட்டேன்."

வாங்கத் தானாக நீண்ட கையை அவள் பின்னுக்கு இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் ஆல்ஸ்டன். நீயே வச்சுக்கோ" என்று சிரித்தாள்.

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தக் காகிதம் சும்மாதான? நீங்க அப்படிச் செய்யற ஆளில்லன்னு வீட்ல சொன்னேன்க்கா."

 அவள் வீட்டைச் சுற்றி ஓட்டல்காரர்கள் அளந்து அடித்திருந்த முளைக்குச்சிகளைத் தாண்டிப் போனவன், ரம் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அந்த நல்ல செய்தியைச் சொன்னான். அவள் அடுப்பில் சோளமாவுக் களி தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது.