தொட்டிக்குள் எட்டுக் கப்பி

வெள்ளவத்தையில் அந்த ஃபிளாட்டுக்குப் பின்னால் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று. டெங்கு பரிசோதனைக்கு வருபவர் ஒரேயொரு நுளம்புக் குடம்பியைக் கண்டால் போதும், தொட்டியை உடைக்கச் சொல்லிவிடுவார். அதனால் ஹபீலா டீச்சர் விடியவே இறங்கிவந்து, தேத்தண்ணி வடியால் குடம்பிகளை அள்ளி எறிவா. எல்லாம் ஒரு தவளைக்காக! மேலே சாய்ந்த ஜம்பு மரக் கிளையில், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத மரத்தவளை வெள்ளை நுரைக்குள் முட்டையிட்டிருந்தது. சதுப்பெல்லாம் வீடாகிப்போன பிறகு அதற்கு இங்கே மிஞ்சிய தண்ணி இவ்வளவுதான்.

முதலில் ஃபிளாட் கமிட்டிச் செயலாளர் யோகராஜ், மனுசிக்கு விசர் என்றுதான் நினைத்தார். ஒரு கிழமை பார்த்தபின் மனம் மாறிவிட்டது. முழங்கால் நோவோடு இப்படி யார் குனிந்து நிற்பார்கள்? அடேயப்பா, என்ன பொம்பிளை!

தானும் உதவ நினைத்து, பரிசோதனைக்கு முதல்நாள் எட்டுக் கப்பி மீன் வாங்கிவந்து தொட்டிக்குள் விட்டார். கொழும்பில் நுளம்புக்கு எல்லாரும் செய்கிற வைத்தியம்தானே.

"அல்லாவே! என்ன வேல செஞ்சீங்க அண்ணன்!" டீச்சர் தலையில் கைவைத்தா. "நுரை நாளைக்குக் கரையப் போகுது. விழுற தவளைக்குஞ்சு, வாற்பேத்தை எல்லாத்தையும் இதுகள் தின்னுமே!"

யோகராஜுக்கு முகம் செத்துப்போனது. டீச்சரோ அதற்குமேல் ஏசவில்லை. நுளம்புவலைத் துண்டோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டா. அவரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். மத்தியானத்துக்குள் ஏழு அகப்பட்டன. எட்டாவது பாசிக்குள் ஒளித்து உயிரை வாங்கியது. அதைப் பிடிக்காமல் ஏறமாட்டேன் என்று நின்றவ, அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திப் பிடித்தேவிட்டா.

மறுநாள் பரிசோதகர் வந்தபோது நுரையிலிருந்து வாற்பேத்தைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மூன்று தரம் தண்ணியைக் கோலிப் பார்த்தார். ஒரு குடம்பியும் இல்லை.

"மீன் இல்லாத தண்ணி. அடுத்த முறை நுளம்பு இருந்தால் வழக்குத்தான்," என்றார் சிங்களத்தில். "பொறுப்பு யார்? பேரைச் சொல்லுங்கோ."

டீச்சர் வாயைத் திறந்தா. வாடகைக்கு இருப்பவ; வழக்கென்று கேள்விப்பட்டாலே வீட்டுக்காரன் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவான். யோகராஜ் முந்திக்கொண்டு அடையாள அட்டையை நீட்டினார்.

"கமிட்டி எண்டு எழுதட்டோ?" அவரைச் செயலாளராகத் தெரிந்த பரிசோதகர் கேட்டார்.

பதினொரு வருசமாக எந்த வில்லங்கத்திலும் கமிட்டியின் பேரைப் போட்டே தப்பிய மனுசன் அவர்.

"வேண்டாம் மாத்தயா. என்ர பேரை எழுதுங்கோ."