எந்தக் கண் என்று எழுதாத கதை

1

ஒளிந்திருந்து பார்த்ததில் பிறந்த கதை இது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: 'நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாள்வீரர் மலையில் நூறு நாள் தவமிருந்து, கனவில் வந்த நீண்ட மூக்குப் பூதத்திடம்...'

(வேண்டாம். எங்கள் நாட்டில் பாதி வாள்பள்ளிகள் அந்தப் பூதத்திடம்தான் படித்ததாகச் சொல்கின்றன. பாவம், அதற்கு ஓய்வே இருந்திருக்காது.)

இரண்டாவது: 'யசுயோ கொல்லையில் முள்ளங்கியைக் காயக் கட்டிக்கொண்டிருந்தாள்.'

இது பரவாயில்லை.

2

யசுயோவின் கணவர் தமோத்சுவுக்கு அறுபத்து மூன்று வயது. வாள்பள்ளியில் சேர்ந்த அன்று விரலைக் கீறி ரத்தத்தில் கைநாட்டு வைத்தவர். கற்றதைப் பெற்றோர், உடன்பிறந்தார், மனைவி யாருக்கும் காட்டேன் என்பது சத்தியம். பக்கத்துப் பிரபு ஒற்றன் அனுப்பிய காலத்து வாசகம். இப்போது பிரபுவும் இல்லை, ஒற்றனும் இல்லை. மனைவி மட்டும் இருக்கிறாள்.

பழைய பள்ளிகளில் இருவராகப் பழகும்போது மூத்தவர்தான் தோற்க வேண்டும். அவர் தாக்கி, வேண்டுமென்றே ஓர் இடம் திறந்து கொடுப்பார். இளையவர் அதில் புகுந்து வெல்வார். தமோத்சு இருபது வருடமாகத் தோற்கிறார். அவரைப் போல அழகாகத் தோற்க ஆளில்லை என்பது ஊர்ப்பேச்சு.

இந்த ஆண்டு கோயில் விழாவில் நிஜ வாள். எதிரில் இளையவராகப் பல் மருத்துவர் முகாய். கடைசி வெட்டு [                    ] வரும். பார்த்ததும் தமோத்சு அரை அடி பின்வாங்க வேண்டும். பிந்தினால் கழுத்து போய்விடும்.

முள்ளங்கி கட்டிய யசுயோ, கொல்லையை ஒட்டிய பயிற்சிக் கொட்டகையின் இடுக்கில் பார்த்தது இதைத்தான்: மரவாளில் மூன்று முறை பழகினார்கள், மூன்று முறையும் அவர் பிந்தினார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. சாப்பாட்டில் அந்தப் பக்கம் வைத்த ஊறுகாயை ஒரு மாதமாகத் தொடவே இல்லை.

(எந்தக் கண் என்றும் எழுதியிருந்தேன். அடித்தாயிற்று. காரணம் பிறகு.)

3

யசுயோ நான்தான். வேறு யாரோ போல எழுதினால் அழாமல் எழுதலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"ஊறுகா எடுத்துக்கலையா?"

"வேண்டாம்."

"வேண்டாமா, தெரியலையா?"

சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "கொட்டகைப் பக்கம் வந்தியா?"

"வந்தேன். மூணு தடவையும் பிந்திட்டீங்க."

"நீ பாத்தது ஆசானுக்குத் தெரிஞ்சா என்னப் பள்ளிய விட்டே எடுத்துடுவாரு."

"எடுக்கட்டுமே. கழுத்தாவது மிஞ்சும்."

"நான் வெலகிட்டா முகாய்க்கு யாரு தோத்துக் குடுப்பா?"

"முப்பத்தஞ்சு வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவை தோத்திருக்கீங்களா? அவருக்கு மட்டும் தோக்கணுமாக்கும்!"

சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

4

முடிவு அ: அவர் ஆசானிடம் உண்மையைச் சொல்லி விலகுகிறார். [எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை இல்லை.]

முடிவு ஆ: முகாயின் வாள் [கை ஓடவில்லை.]

முடிவு இ: நான் முகாயிடம் போய், 'டாக்டர், கொஞ்சம் மெதுவா வெட்டுங்க' என்று சொல்லிவிடுகிறேன். [போனேன். வாய் திறந்தேன். பல்லைப் பார்த்து அனுப்பிவிட்டார்.]

நேற்று இந்தப் பக்கங்களைக் கணவரிடமே கொடுத்தேன். படித்தால் மனம் மாறும் என்று ஓர் ஆசை. முழுவதும் படித்தார். பென்சிலை எடுத்து ஒரே ஒரு சொல்லை அடித்தார்.

"எந்தக் கண்ணுன்னு எழுதினா, வெட்டு எந்தப் பக்கம் வருதுன்னு படிக்கிறவங்க கண்டுபிடிச்சுடுவாங்களே."

"அவ்வளவுதானா சொல்றதுக்கு?"

"கதை நல்லாருக்கு. முள்ளங்கிதான் ஜாஸ்தி."

5

கோயில் முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்குக் கண் தெரியாத பக்கமாகப் பார்த்து இடம் பிடித்தேன். நான் அழுதால் அவருக்குத் தெரிய வேண்டாம்.

மேளம் நின்றது. இருவரும் வணங்கி வாளை உருவினார்கள். ஒவ்வொரு வெட்டாகத் தோற்றுக்கொண்டே வந்தார். கடைசி வெட்டுக்கு முன், கொட்டகையில் நான் பார்த்திராத ஒன்றைச் செய்தார். தலையை என் பக்கம் சற்றே திருப்பினார். வாளைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?

அடுத்து நடந்ததை எழுதினால் [                    ] உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் எந்தக் கைநாட்டும் வைத்தவளில்லை. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

அந்த அரை அடியை அவருக்காக நீங்களாவது பின்னால் எடுத்து வைத்துவிடுங்கள்.