மூன்றாம் ஓலை

பொதிகையின் நெற்றியிலே பிறந்து, விக்கிரமசிங்கபுரத்து நூலாலையை ஒருபுறம் ஒதுக்கி, சீவலப்பேரியிலே சிற்றாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பொருநை கீழ்த்திசை நோக்கி நடந்துகொண்டிருந்த அக்கார்காலத்துக் காலையில், அந்நீரின் ஈரம் எட்டாத தெற்கே, பனைகள் காவல் நிற்கும் செம்மணல் மேடுகளுக்கு அப்பால், உவரிக் கடல் உருக்கிய வெள்ளி போல் விரிந்து கிடந்தது. ஞாயிறாதலால் படகுகள் கரையேறியிருந்தன. ஊர் கோயிலுக்குள் இருந்தது.

முன்வரிசையில் வெண்ணிற அங்கி அணிந்து அமர்ந்திருந்தான் பனிமயராசன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்று, சீவலப்பேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓராண்டு மறைக்கல்வி பயிற்றுவித்து முடித்தவன். எஞ்சியிருந்தது குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம். அதை ஏற்றபின் இல்லறம் இல்லை, எளிதில் திரும்பும் வழியும் இல்லை. மணமக்களுக்கு வாசிப்பது போலவே பட்டம் பெறுவோனுக்கும் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பது அங்கு வழக்கம். தடை ஏதும் அறிந்தவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று பங்குத்தந்தை மரியசூசை படித்து நிறுத்துவார். கோயில் மூச்சடக்கிக் கேட்கும். முதல் ஞாயிறு அவ்விடைவெளியில் பனிமயராசன் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான். இரண்டாம் ஞாயிறான அன்றும் பார்த்தான். யாரேனும் எழுந்து இதை நிறுத்திவிட மாட்டார்களா என்றோர் ஆசை, வலைக்குள் அகப்பட்ட மீனைப்போல் அவனுள்ளே துடித்துக்கொண்டிருந்தது.

அறிவிற் சிறந்த வாசகரே, அதற்குக் காரணம் உண்டு. நோயுற்ற குழந்தையை அந்தோனியார் பீடத்தடியில் கிடத்தி, அவருக்கே விற்றுவிட்டு, உப்பும் மிளகும் காணிக்கையிட்டு அன்றே மீட்டுக்கொள்வது அக்கரையோர் நேர்ச்சை. பனிமயராசன் விற்கப்பட்டான், மீட்கப்படவில்லை. அறிவு தெரிந்த நாள்முதல் ஊரார் அவனை அந்தோனியார் பிள்ளை என்றே அழைத்தனர். குருமடத்துக்குப் போகிறாயா என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை. எப்போது போகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

அன்று நண்பகல், சீலாமீன் அரிந்துகொண்டிருந்த அவன் தாய் கித்தேரியம்மாள் நிமிராமலே கேட்டாள்.

“ஏலே, ஓலை வாசிக்கையில திரும்பித் திரும்பி வாசலப் பாக்குதியே, யார்லே வரணும்?”

“காத்து வருதான்னு பாத்தேம்மா.”

“காத்தாடி ஒன் தலைக்கு மேலதானலே சுத்திச்சு.”

அவள் அரிவாள்மணையை ஒதுக்கிவைத்துவிட்டு, இதுநாள்வரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அவனை விற்ற அன்று, மீட்கும் முன்பே, தகப்பன் சென்ற கட்டுமரம் கரை திரும்பவில்லை என்ற செய்தி வர, பிள்ளையை அள்ளிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியிருக்கிறாள். மாலையில் மரம் திரும்பியது. பிள்ளையைத் திரும்ப வாங்கினால் புனிதர் கணவனைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்றஞ்சி, வாளாவிருந்துவிட்டாள். இப்போது முழங்கால் வலியால் கணவர் கடலுக்குப் போவதில்லை. அவள் அச்சமும் கரையேறிவிட்டது.

திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தகப்பன் வலை பின்னுவதை நிறுத்தாமலே, மீன் விற்கையில்கூட அவள் இவ்வளவு கெட்டியாகப் பேரம் பேசியதில்லை என்றார்.

அவள் கைகழுவி, உப்பும் மிளகும் முடிந்துகொண்டு, மகனை அந்தோனியார் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். ஆறடி உயர்ந்த ஆண்மகனைக் குழந்தையைப்போல் பீடத்தடியில் மண்டியிடச் செய்து, காணிக்கையை வைத்து, அவன் தோளைப் பற்றி எழுப்பினாள்.

“இப்ப நீ என் பிள்ளைலே. வேண்டாம்னா வீட்டுக்கு வா. வேணும்னா நீயாப் போ.”

விடுதலை பெற்றவன் மகிழ்ந்தானா என்றால், இல்லை. தளை அறுந்த தோணி போலத் தடுமாறினான். பங்குத்தந்தையிடம் சென்று அனைத்தையும் சொன்னான். மூன்றாம் ஓலையை வாசிக்கவா, நிறுத்தவா என்று அவர் கேட்டார்.

“வாசியுங்க சாமி. தடை இருந்தா நானே எந்திரிச்சுச் சொல்லுதேன்.”

மூன்றாம் ஞாயிறு வந்தது. ஓலை வாசிக்கப்பட்டது, தடை அறிந்தோர் அறிவிக்க என்னும் சொல் முடிந்து, கோயில் மூச்சடக்கியது. அக்கணத்தில் பின்வாசலருகே விசிப்பலகை கிறீச்சிட, யாரோ எழுந்தார். எதற்காகப் பனிமயராசன் இருவாரம் ஏங்கினானோ அது வந்துவிட்டது என்றெண்ணியபோது, ஐயோ, வேண்டாமே என்று அவன் நெஞ்சு அலறிற்று. தன்னுடையதை யாரோ பறிக்க வருவதுபோல் தான் அமர்ந்திருந்த பலகையின் விளிம்பை இறுகப் பற்றினான். எழுந்தவர் இருமலை அடக்கமாட்டாத ஒரு முதியவர். வாயைத் துண்டால் பொத்தியபடி வெளியேறினார்.

பங்குத்தந்தை அவனையே நோக்கிச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தார். கித்தேரியம்மாளும் பீடத்தை நோக்காமல் மகனையே நோக்கியிருந்தாள். அவன் எழவில்லை, வாசலையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மீட்டு ஒரு வாரம் ஆவதற்குள் பிள்ளை மீண்டும் கைவிட்டுப் போனான். இம்முறை கொடுத்தவள் அவளல்லள், தன்னைத் தானே கொடுத்தவன் அவன் என்பதே அவளுக்கு ஆறுதலாகவும் துயராகவும் இருந்தது.