நிழலில் இருந்த டேங்க்

பல் டாக்டர் பட்டறையில் கொண்டுவந்து இறக்கிய பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் டேங்க் கிடையாது, ஆனால் அதன் நிழலுக்கு இருந்தது. மட்கார்டும் அப்படித்தான், சைலன்சரும் அப்படித்தான். தரையில் நின்றது வெறும் சட்டம், சீட், இரண்டு சக்கரம், துருவேறிய எஞ்சின். பின்சுவரில் விழுந்ததோ முழு வண்டி. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. விற்றவன் தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான், இதற்குச் சாமான் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது, எல்லாவற்றையும் கையால்தான் செய்தாக வேண்டும் என்று புலம்பிவிட்டு, ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார் என்று கிளம்பிப் போனார். பட்டறைக்காரரான டிங்கர் சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போனார்.

மச்சான் செத்ததிலிருந்து அவர் அப்படித்தான் இருந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இருவரும் சேர்ந்துதான் அந்தப் பட்டறையை வைத்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இல்லாத பாகங்களைத் தகட்டில் செய்து கொடுப்பது தொழில். மச்சான் சாக்பீஸால் கோடு போடுவார், டிங்கர் அந்தக் கோட்டுக்குத் தட்டுவார். ஒருவர் கண், ஒருவர் கை என்று தெருவில் சொல்வார்கள். ஒரு மத்தியானம் மச்சான் ஒரு வளைவைப் பாதி வரைந்துவிட்டு, சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் களைப்பா இருக்கு மாப்ளே" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. டிங்கர் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், உடலைத் தூக்கிப்போன வண்டியின் பின்கதவுக் கீல் ஆடுவதைக் கவனித்தார். அழுகை வரவில்லை. மறுவாரம் சுத்தி தவறி கட்டைவிரலில் விழுந்து நகம் கறுத்தபோது, பக்கத்து ஆளின் விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போட ஆள் இல்லாததால் புது வேலை எதையும் எடுக்காமல், வருகிற நசுங்கலை மட்டும் நிமிர்த்திக் கொடுத்தார்.

அவர் மனைவிக்கு இதுதான் பொறுக்கவில்லை. "கூடவே இருந்த மனுஷன் செத்துக் கிடக்கிறாரு, ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா உங்க கண்ணுல?" என்று ஒருமுறை கேட்டாள். டிங்கர் யோசித்து, வரவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அதன் பிறகு அவள் சாப்பாடு ஆயிற்று, கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை என்ற அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு வருஷம் அந்த வீடு அப்படியே ஓடியது. இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு ஓரங்களில் படுத்துத் தூங்கினார்கள்.

டாக்டரின் வண்டியை டிங்கர் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஆசை அல்ல, வசதி. காலை வெயில் ஷட்டர் வழியாக நேராக உள்ளே வரும்போது நிழல் சுவரில் ஏறக்குறைய சரியான அளவில் விழுந்தது. வண்டியைக் குறுக்கே திருப்பி நிறுத்தினால் அகலமும் தெரிந்தது. கோடு போட ஆள் தேவையில்லை. முதலில் மட்கார்டு செய்தார். நிழலை அட்டையில் ஒற்றி, அட்டையைத் தகட்டில் வைத்து வெட்டி, மணல் மூட்டையின் மேல் போட்டு மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழித்து, விளிம்புக்குள் கம்பி வைத்து மடித்தார். போல்ட்டை முடுக்கி நிமிர்ந்தபோது சுவரில் மட்கார்டு இருந்த இடத்தில் வெறும் வெயில். இருந்த நிழலும் போயிற்று, புதிதாகவும் ஒன்று விழவில்லை. சைலன்சரிலும் அதே கதைதான். குழாய் வளையும்போது நசுங்காமலிருக்க உள்ளே மணலை இறுக்கி அடைத்து, சிவக்கக் காய்ச்சி, நிழலின் வளைவுக்குக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டியதும் நிழலிலிருந்து சைலன்சர் கழன்றுவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று டிங்கருக்குத் தோன்றியது.

அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த மனைவி ஷட்டரடியிலேயே நின்றுவிட்டாள். சட்டமும் சக்கரமும் போக, சுவரில் அப்போது மிச்சமிருந்த பாகம் டேங்க் மட்டும்தான். கம்பெனிக்காரன் அந்த வண்டிக்குப் போட்டது முட்டை மாதிரி உருண்டை டேங்க். இது முன்னால் தோள் உயர்ந்து, பின்னால் இடுப்பு சிறுத்து, சீட்டுக்குள் நழுவிப் போகிற டேங்க்.

"இது எங்க அண்ணன் போட்ட கோடு" என்றாள்.

"நிழல்தானே" என்றார் டிங்கர்.

"அந்தத் தோளை வேற யாருக்கு இப்படி ஏத்தி இறக்கத் தெரியும்? சின்ன வயசுல என் சிலேட்டுல யானை போட்டுத் தருவாரு, அதுக்கும் இதே முதுகுதான்." மட்கார்டும் சைலன்சரும் எங்கே போயின என்பதை அவர் விளக்கியபோது அவள் முகம் மாறியது. "அப்போ நீங்க செய்யச் செய்ய அவரு போயிட்டிருக்காரு. இதைத் தொட்டீங்கன்னா பாருங்க."

டிங்கர் தொடவில்லை. தொட வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. மனைவி காலையில் சமையலை முடித்துவிட்டு வந்து, சுவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, வெயில் மேலேறி நிழல் கலையும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஓரிருவர் எட்டிப் பார்த்து, நல்ல டேங்க் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் மாதாமாதம் வந்தார். "மாஸ்டர், என் பேஷண்ட்டுக்கெல்லாம் இந்நேரம் ரெண்டாவது செட் பல்லு கட்டி முடிச்சிட்டேன்" என்று குறைப்பட்டார். வீட்டில் விருப்பமில்லை என்று டிங்கர் சொன்னதும், தன் வீட்டிலும் இந்த வண்டி விஷயத்தில் அப்படித்தான் என்று பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார்.

அந்த வருஷ மழை நீண்டது. வெயில் வராத நாட்களில் அவள் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை விட்டு வெயில் திரும்பிய காலையில், டேங்கின் நிழலில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வாரம் பொட்டுகள் பெரிதாகி, அடிவிளிம்பு அரித்துப் போயிருந்தது. டிங்கர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, துரு என்றார். சும்மா கிடந்தால் நிழலுக்கும் பிடிக்கும்போல என்றார். மறுநாள் அவளே பெரிய அட்டையை எடுத்துச் சுவரில் நிறுத்தினாள்.

"செஞ்சிடுங்க. வீணாப் போறதுக்கு முன்னாடி செஞ்சிடுங்க."

"நான் அட்டையைப் பிடிச்சுக்கிறேன். நீ கோடு போடு."

"எனக்கு என்ன தெரியும்?"

"அதான் போட்டு வெச்சிருக்காரே. மேலேயே போ."

வெயில் நகர்வதற்குள் முடிக்க வேண்டும். அவள் தோளில் ஆரம்பித்தாள், இடுப்புக்கு இறங்கினாள், அரித்துப்போன அடிவிளிம்பில் நிழல் உதவவில்லை. அங்கே அவள் கண்ணை மூடிக்கொண்டு மனதில் வந்தபடி இழுத்தாள். டிங்கர் அந்தக் கோட்டைப் பார்த்தார். நெஞ்சில் எதுவும் அசையவில்லை. அசையாதது மட்டும் அன்றுதான் முதன்முதலாக அவரை உறுத்தியது, செருப்புக்குள் போன கல்லைப்போல.

டேங்க் செய்ய நாள் பிடித்தது. இரண்டு பாதியாகத் தட்டி, ஒட்டவைத்து, வெல்டிங் தழும்பு மறைகிறவரை அரத்தால் ராவினார். உள்ளே காற்று ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வந்த இடங்களை அடைத்தார். பட்டி பூசி, பிரைமர் அடித்து, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையால் தடவித் தடவி, மேடு இருக்கிற இடத்தை அவருக்கு முன்னால் கண்டுபிடித்தாள். நிழலில் நிறம் கிடையாது என்பதால் அதில் மட்டும் தகராறு வந்தது. டாக்டர் வெள்ளை கேட்டார். "பல்லு மாதிரி இருக்கும், வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். கரும்பச்சை என்று முடிவாயிற்று. பெயிண்ட் காய்ந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவைத்தார்கள். டிங்கர் கடைசி போல்ட்டை முடுக்கினார். சுவரில் டேங்கோடு சட்டமும் சக்கரமும் சேர்ந்து போயின. முழு வண்டி வெயிலில் நின்றது, நிழல் என்று ஒன்றும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு டேங்கில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

எஞ்சினை ஒரு மெக்கானிக் ஓடவைத்த பிறகு, வண்டிச் சோதனை அதிகாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிரேக் பிடிக்கிறது, ஹாரன் அடிக்கிறது, எண்ணெய் சொட்டவில்லை, நிழலைப் பற்றி விதியில் எதுவும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார். டாக்டருக்கு ஓட்டப் பயம். "முதல்ல நீங்க ஒரு சுத்துப் போயிட்டு வாங்க மாஸ்டர். எதாவது கழண்டா உங்க கண்ணு முன்னாடியே கழலட்டும்" என்றார். டிங்கர் உதைத்துக் கிளப்பினார். மனைவி கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சாய்ந்த வெயிலில் பெரிய சாலைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் இரண்டு நிழல்கள் வந்துகொண்டிருந்தன. முன்னால் ஓர் ஆண் கையை நீட்டியபடி, பின்னால் ஒரு பெண் அவன் இடுப்பைப் பிடித்தபடி, கீழே எதுவுமில்லாமல். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று திரும்பிக்கொண்டார்கள். டிங்கருக்கு இடுப்பிலிருந்த கையின் கனம் தெரிந்தது. எதுவும் கனமாகத் தெரிந்து வெகுநாள் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"பயமென்ன பயம். இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

டிங்கர் ஆக்சிலேட்டரைத் திருகினார். சாலையில் அவர்கள் இருவரும் காற்றில் உட்கார்ந்தபடி வேகமாகப் போனார்கள்.