கால் வலிக்காத ஊர்

“இன்னும் கொஞ்சம் சட்னி வை, செல்வி” என்று சக்கரபாணி தட்டை நீட்டினார். வெள்ளிக்கிழமை காலை. தமிழ்செல்வி கரண்டியோடு திரும்புவதற்குள் அவருடைய போன் ஒருமுறை சிணுங்கியது. படித்தார். தட்டைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எதையும் கேட்டுச் சாப்பிடவில்லை.

அந்தப் போனுக்குள் ஓர் ஊர் இருந்தது. பெயர் நிலாபுரி. அங்கே போகிறவர்கள் தங்களுக்கென்று ஓர் உருவம் செய்துகொண்டு தெருவில் நடப்பார்கள்; அந்த உருவத்துக்குச் சட்டை, செருப்பு, நாய்க்குட்டி எல்லாம் வாங்குவார்கள். ரூபாயைக் கொடுத்து அந்த ஊர்க் காசு வாங்கலாம். விற்றுச் சேர்த்த காசைத் திரும்ப ரூபாயாக்கலாம். போகும்போதும் வரும்போதும் கம்பெனி கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். மனையும் உண்டு. எந்தத் தெருவில் நடமாட்டம் ஜாஸ்தியோ அங்கே விலையும் ஜாஸ்தி.

இந்த வியாபாரத்தைச் சக்கரபாணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில், இருபத்திரண்டு வருஷம் மோர் விற்றவர். பௌர்ணமிக் கூட்டம் எந்த இடத்தில் தளர்ந்து நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. நிலாபுரியிலும் சந்தைக்குப் போக ஒரே ஒரு நீளச் சாலைதான். அதன் வளைவில் ஒரு மனை வாங்கி, செருப்பு விற்கும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். மூன்றாம் மாதம் பதினோராயிரம் ரூபாய் வங்கிக்கு வந்தது. உண்மையாகவே வந்தது. தமிழ்செல்விக்குப் பயம் தொடங்கியதே அன்றைக்குத்தான்.

அந்த வளைவில் மேலும் ஆறு மனைகள் விலைக்கு வந்தபோது, அவற்றை வாங்கப் பாதையோரக் கடையைப் பக்கத்துச் சோளக்கடை தனத்துக்கு விற்றுவிட முடிவு செய்தார்.

“கல்லாட்டம் நிக்கற கடைய குடுத்துட்டு காத்துல கடை வாங்கறியேண்ணா” என்றாள் தனம். “எனக்கு லாபந்தான். அண்ணிதான் எனக்கு சாபம் வுடப் போறாங்க.”

“உன் சோளம் நாளைக்கு வாடிடும். என் மனை வாடுமா?” என்று சிரித்தார்.

பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் தமிழ்செல்வி கேட்டாள்.

“ஏங்க, அங்க நடக்கறவங்களுக்குக் கால் வலிக்குமா?”

“பொம்மைக்கு இன்னாடி கால் வலி?”

“அப்போ நம்ம கடையாண்ட ஏன் வரணும்?”

“வேற வழி இல்லியே. அந்த ஒரே ரோடுதான?”

“வேற வழி வுட்டுட்டாங்கன்னா?”

அவர் கடைப் பத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். கடை அவள் பெயரில் இருந்தது. மறுநாள் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த செய்தியில் பூங்கொத்துப் படம் இருந்தது. ‘இனி நடக்க வேண்டாம். வரைபடத்தில் விரும்பிய இடத்தைத் தொடுங்கள். அடுத்த நொடி அங்கே இருப்பீர்கள்.’

மனைகளைக் கடந்துபோகிறவர்களின் எண்ணிக்கை திரை மூலையில் ஓடும். நாளுக்கு மூவாயிரம் காட்டியது, மதியத்துக்குள் நாற்பதுக்கு வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆறு. செருப்புக்காரர் காலி செய்துவிட்டார். சக்கரபாணி மனைகளைப் பாதி விலைக்குப் போட்டார், பிறகு கால் விலைக்கு. கேட்க ஆளில்லை.

“நடந்து பழகினவங்க வருவாங்க” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். அகலமான சாலை, துடைத்துவிட்டதுபோல, வெளிச்சமாக, யாருமில்லாமல். வளைவில் அவர் உருவம் மட்டும் தனியாக நின்றது. அதற்கு வேர்க்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவரின் சட்டை நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே, ஆட்டோவில், அவள் தோளில் சாய்ந்தபடி உயிர் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்தபின் வந்த பௌர்ணமியன்று தனம் வாசலில் வந்து நின்றாள். “அண்ணி, கூட்டம் தாங்கல. கூட வந்து நில்லுங்க. கூலி தரேன், சும்மா வேணாம்.”

தமிழ்செல்வி போனாள். தான் விற்ற கடையில் கூலிக்கு நின்றாள். வெளியூர்ப் பெண் ஒருத்தி கல்லில் உட்கார்ந்து உள்ளங்காலை அமுக்கிக்கொண்டே, “இன்னும் எவ்ளோங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“பாதி வந்துட்டீங்க” என்று மோரை நீட்டினாள் தமிழ்செல்வி.

கிரிவலப் பாதை அன்றும் பதினான்கு கிலோமீட்டர்தான் இருந்தது.