ஏழு டிகிரி

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சந்தேகம்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பேன். அன்று காலை தலைமைப் பொறியாளர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

"கையெழுத்துப் போடும்மா. நாளையிலேர்ந்து பெரிய லாரிங்களையும் பாலத்துல விடப்போறோம்."

பாலம் நலமாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாலத்தில்தான் என் கணவர் தினமும் பன்னிரண்டு தடவை பஸ் ஓட்டுகிறார். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

"சாயங்காலம் தரேன் சார்."

"ரெண்டு வருஷமா ஆடாம அசையாம நிக்குது. இன்னும் என்ன சந்தேகம், சந்தேகம்?" என்று சிரித்தபடி போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலம் எங்கேயாவது அசையாமல் நிற்குமா?

பாலத்தை அளக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் தெரிந்து எனக்குப் புல்லரித்துப் போனது. காலை வெயில் பட்டதும் பாலத்தின் கிழக்குப் பக்கம் முதலில் நீளும். உச்சிவெயிலில் மொத்தப் பாலமும் நாலு விரல்கடை நீண்டிருக்கும், பொழுது சாய்ந்தால் மறுபடி சுருங்கும். ஒரு மேகம் கடந்து போனால்கூட அத்தனை டன் இரும்புக்கும் அது தெரியும்! அதை நமக்குச் சொல்வது தலைமுடி அளவே உள்ள ஒரு கண்ணாடி இழை. பாலத்தோடு சேர்த்து அதை ஒட்டிவைத்து உள்ளே ஒளியை அனுப்புவோம். இரும்பு இம்மி நீண்டாலும் இழையும் நீளும், திரும்பி வரும் ஒளியின் நிறம் துளி மாறும்.

ஆனால் சூடு பட்டாலும் அந்த நிறம் மாறும். பாலம் பாரத்தால் இழுபடுகிறதா, வெறும் வெயிலா என்று எப்படிப் பிரிப்பது? அதற்காகப் பக்கத்திலேயே ஒரு மெல்லிய குழாய்க்குள் இன்னோர் இழையை எதிலும் ஒட்டாமல் சும்மா போட்டிருப்போம். பாலம் இழுபட்டாலும் அது இழுபடாது. வெயிலை மட்டும் சொல்லும். முதல் இழை சொன்னதிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது பாலத்தின் பாடு.

எல்லோரும் பத்து நிமிடச் சராசரியைத்தான் பார்ப்போம். அன்று பிடிவாதமாக நொடிவாரிப் பதிவைத் திறந்தேன். பாலத்தின் நடுவில் இருக்கும் குழாய் இழையின் கோட்டில் முள் முள்ளாக ஏதோ தெரிந்தது. பாலத்துக் கேமராவின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பஸ் கடந்தால் ஒரு முள். அதாவது, அந்த இழையின் கணக்கில் பாலம் ஒரே நொடியில் ரெண்டு டிகிரி சூடாகி அடுத்த நொடியே ஆறிவிடுகிறது. அடக் கடவுளே, இது வெயிலே இல்லை! சும்மா கிடக்க வேண்டிய இழை பாலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலம் படும் பாட்டையெல்லாம் அது வெயில் என்று சொல்ல, நாங்களும் ரெண்டு வருடமாக அதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

அந்தக் குழாயைப் பொருத்தியது நான்தான். தூசி போகக்கூடாதே என்று அதன் ரெண்டு வாயிலும் ஒவ்வொரு சொட்டுப் பசை வைத்ததும் நான்தான். அந்தப் பசை உள்ளே இருக்கும் இழையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. என் சுத்தத்தை அன்று எல்லோரும் மெச்சினார்கள்.

எங்கள் டெக்னீஷியனை அழைத்துக்கொண்டு ஓடினேன். ஆள் உயரம், அதனால் 'ஏணி'. பாலத்தின் அடியில் ஆள் நடக்கிற அளவுக்கு ஓர் இரும்புக் கூடு நீளமாகப் போகிறது. நடுப்பகுதிக்குப் போய், சாதாரணத் தெர்மாமீட்டரை அடித்தகட்டில் வைத்துக் காத்திருந்தோம்.

"முப்பத்துநாலு மேடம். இழை என்ன சொல்லுது?"

"நாப்பத்தொண்ணு" என்றேன், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து.

மிச்ச ஏழு டிகிரி வெயில் இல்லை. ரெண்டு வருடமாகப் பாலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த வலி. ஏணி பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் ஒரு வெடிப்பு, ஒரு சாண் நீளத்துக்கு. மேலே ஏதோ வண்டி போனது. அது துளி திறந்து மூடியதை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பக்கத்திலேயே, பாலத்தோடு ஒட்டிய அந்த முதல் கண்ணாடி இழை அறுபடாமல் கிடந்தது. இந்தத் துளியூண்டு சமாச்சாரம் ரெண்டு வருடமாக ஒரு நொடிகூட ஓயாமல் உண்மையை மட்டுமே சொல்லியிருக்கிறது. அதன் வாயைப் பொத்தியது நான்.

"சார், பாலத்த உடனே மூடுங்க" என்றேன் போனில்.

"எத நம்பி மூடச் சொல்ற? கடைத் தெர்மாமீட்டரையா?"

"வெடிப்பு கண்ணுக்கே தெரியுது சார். பசை வெச்சது நான். என் தப்பு."

"சரி, மூடுறேன்" என்றார்.

கால் மணி நேரத்தில் பாலம் காலியானது. ஆய்வு முடியும்வரை ஆட்கள் மட்டும் நடந்து போகலாம் என்று உத்தரவு வந்தது. நான் மேலே ஏறி வந்தபோது இந்தப் பக்கம் முதல் வண்டியாக நின்றது என் கணவரின் பஸ். இறங்கி வந்தார்.

"எந்தப் புண்ணியவான் மூடினது?"

சொன்னேன். பசையில் தொடங்கி வெடிப்பு வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பித் தன் பஸ்ஸின் ஜன்னல்களில் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நம்ம பாப்பாவுக்கு ஸ்கூல் விடுற நேரம். அந்தப் பக்கம் நின்னுட்டிருப்பா. தினமும் என் பின்னாடி சீட்லதான் உக்காந்து வருவா, தெரியுமில்ல?"

"தெரியும்."

"நடந்து போய்க் கூட்டிட்டு வந்துடலாமா? தாங்குமா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பாலத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. டேப்லெட்டைத் திறந்தேன். குழாய் இழையை நீக்கிவிட்டு, முப்பத்துநாலு டிகிரியை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டேன். அவர் பொறுமையாக நின்றார். வண்டிகள் இல்லாததால், பாலத்தின் பாட்டைக் காட்டும் கோடு மெதுவாகக் கீழே இறங்கியிருந்தது.

"தாங்கும்" என்றேன். "இருங்க, நானும் வரேன்."