அமலோற்பவம் இரண்டாம் பாகம்

இரண்டாம் பாகத்திலும் பேய் சாகக் கூடாது என்றார் அரங்கநாதன். பேய் ஏற்கெனவே செத்ததுதானே என்று கேட்டேன். அது முதல் பாகத்தோடு போயிற்று, ஜனங்கள் அவளுக்குப் பழகிவிட்டார்கள், இனி அவளை விட முடியாது என்றார்.

அவர் திண்டிவனத்தில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, கோயில் நோட்டீஸ், இவற்றுக்கு நடுவில் மாதம் ஒரு பேய் நாவல். தொண்ணூற்றாறு பக்கம். பஸ் ஸ்டாண்டு கடைகளில் பாக்குச் சரத்துக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கும். அவற்றில் சிலதை எழுதியவன் நான். விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. படிப்பை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டு ஐஸ் பேக்டரியில் இரவு ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் வந்து படுத்தால் தூக்கம் வராது. மூக்கில் அம்மோனியா வாடை இருக்கும். தெருவில் தண்ணீர் லாரிக்குச் சண்டை நடக்கும். அந்த நேரத்தில் எழுதினேன். பட்டப்பகலில் வியர்த்துக்கொண்டு எழுதிய பேய்க்கதைகள். எனக்கு அவற்றைக் கண்டு பயம் வந்ததில்லை.

'கூட்டேரிப்பட்டில் கடைசி பஸ்' வந்தது தொண்ணூற்றாறில். கதை பெரிதாக ஒன்றுமில்லை. லாரியில் அடிபட்டுச் செத்த ஒருத்தி, கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் நீலப் புடவையோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். புளியமரத்தடி டீக்கடைக்காரனிடம் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ வாங்குகிறாள். எந்த ஊருக்கும்மா என்று யார் கேட்கிறானோ அவன் மறுநாள் பிணம். ஒருமுறை நான் வந்த பஸ் அங்கே பஞ்சராகி, வெயிலில் வெகுநேரம் நின்றேன். அதனால்தான் கூட்டேரிப்பட்டு. சர்க்கரை இல்லாத டீ நான் குடிப்பது. அமலோற்பவம் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அது நீளமான பெயர் என்பதுதான். எனக்கு எப்போதும் பக்கம் குறையும். இருட்டில் யாராவது அவளை இரண்டு தடவை கூப்பிட்டால் ஒரு வரி நிறைந்துவிடும்.

இப்படிச் செய்த ஒன்றை ஜனங்கள் நம்பினார்கள். ஐஸ் பேக்டரியில் என்னோடு வேலை செய்த வேங்கடேசன், தன் மச்சான் அவளைக் கூட்டுரோட்டில் பார்த்ததாகச் சொன்னான். அதை எழுதியதே நான்தான் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ எங்க வச்சி பாத்த?" என்றான்.

இரண்டாம் பாகத்துக்குத் தலைப்புக்கூட அரங்கநாதன் வைத்துவிட்டார். அட்டைப்படமும் தயார். கதைதான் இல்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் சூசை மேரி அச்சகத்துக்கு வந்தாள். கூட்டேரிப்பட்டில் புளியமரத்தடி டீக்கடை அவளுடையது. நாற்பது வயது இருக்கும். வெயிலில் வந்த களைப்பில் காகிதக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டாள். கதை எழுதியவன் யார் என்று கேட்டாள். அரங்கநாதன் யோசிக்காமல் என்னைக் காட்டினார்.

சாயங்காலம் ஆனால் டிரைவர்கள் கடைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்துவதில்லையாம். அந்தப் பக்கம் தள்ளிப் போய் நிறுத்துகிறார்களாம். வருகிற ஒன்றிரண்டு பேரும் டீ குடிப்பதற்கு முன் அவள் காலைப் பார்க்கிறார்களாம்.

"நீங்க கடையில ஆம்பளைய வச்சி எழுதிட்டீங்க தம்பி. உன் ஊட்டுக்காரரு எங்க, பேய் அட்ச்சிடுச்சான்னு கேக்குறானுங்க. அவரு மஞ்சக்காமாலையில செத்தவரு."

பேக்டரியிலிருந்து நேராக வந்திருந்தேன், கண் எரிந்தது.

புகார் சொல்ல மட்டும் அவள் வரவில்லை. கடையைக் காப்பாற்றிக்கொள்ள அவளே ஒரு வேலை செய்திருந்தாள். கோயிலுக்குப் போய், அமலோற்பவம் என்ற ஆத்துமாவுக்கு ஒரு பூசை கேட்டிருக்கிறாள். பங்குச் சாமியார் அது அவள் உறவு என்று நினைத்துக்கொண்டு பெயரை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குவதற்கு முன் மைக்கில் படித்துவிட்டார்கள்: அமலோற்பவத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, வேண்டுபவர் சூசை மேரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கம் நிரப்ப வைத்த பெயருக்கு ஒரு கோயில் ஜனம் முழங்கால் போட்டு ஜெபம் செய்திருக்கிறது. அரங்கநாதன் சத்தமாகவே சிரித்துவிட்டு, இதையே இரண்டாம் பாகத்தில் வைக்கலாம் என்றார்.

சூசை மேரி சிரிக்கவில்லை. அன்றைக்குக் கோயிலில் எல்லோரும் எழுந்து நின்றபோது ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை என்றாள். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அவரை இப்போது கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், வெளியே நிற்கிறார் என்றாள்.

அவர் பெயர் சவுரிராயன். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தில் நடந்து நடந்து முட்டி இரண்டும் வெளியே வளைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவருடைய ஒரே மகள் அமலோற்பவம். விழுப்புரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனவள், திரும்பவில்லை. அது ஆகிப் பல வருடம். தேடாத இடம் இல்லை. தாய் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவர் மட்டும் மகள் எங்கோ இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார், கோயில் மைக்கில் அந்தப் பெயரைக் கேட்கும் வரை.

அந்தப் பெயர் கிறிஸ்தவத் தெருவுக்குத் தெரு உண்டு என்றேன். ஆமாம் என்றார். நீலப் புடவை யாரிடம்தான் இல்லை என்றேன். அதற்கும் ஆமாம் என்றார்.

"சக்கரை இல்லாத டீ?" என்றார்.

அது என் பழக்கம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. தன் மகளும் அப்படித்தான் குடிப்பாள், வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்றார். எல்லாம் நானே கட்டியது, அவளை நான் பார்த்ததே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. நான் முடித்ததும் அவர் சொன்னார்.

"தம்பி, தண்டவாளத்துல எத்தினியோ பொணத்தத் தூக்கிப் போட்டவன் நான். ஒவ்வொரு வாட்டியும் மூஞ்சப் பாப்பேன். அவ இல்லன்னு பாத்துட்டுத்தான் தூக்குவேன். அத்தினி வருசமும் அவ சாவல. நீங்க எழுதனீங்க, செத்துட்டா. பூசையும் வச்சிட்டாங்க. ரெண்டாவது எழுதப் போறீங்கன்னு இந்தம்மா சொல்லிச்சு. அதுல உயிரோட எழுதுங்க."

மெஷின் பக்கத்திலிருந்து அரங்கநாதன், "பேய்க் கதையில பேய் இல்லன்னா அது இன்னாய்யா? கூட்டுறவு சங்க அறிக்கையா?" என்றார். சவுரிராயன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி பேச்சு அவருக்கு முக்கியமில்லை. எழுதுகிறவன் நான் என்று முடிவு செய்துவிட்டார்.

எழுதுகிறேன் என்றேன். இரக்கத்தால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் உயிரோடு இருந்தால் பேய் இல்லை, பேய் இல்லையென்றால் மூன்றாம் பாகம் இல்லை, நான் பகலில் தூங்கலாம். அவ்வளவுதான்.

எழுதினேன். லாரி அவள் மேல் ஏறவில்லை. பயந்து ஓடியவளைப் புதுச்சேரி பஸ் ஒன்று ஏற்றிக்கொண்டு போகிறது. குயிலாப்பாளையத்தில் வீடு பிடித்து, ஆரோவில்லில் வெள்ளைக்காரர்களின் துணி துவைத்துத் தேய்க்கும் இடத்தில் வேலை செய்கிறாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கூட்டேரிப்பட்டு வரை வருகிறாள். டீ குடிக்கிறாள். அங்கிருந்து வீட்டுக்குப் போகத் துணிச்சல் வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள். பேயைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லோரும் பார்த்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோகும் இந்த அமலோற்பவத்தைத்தான். அவள் கை பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். இடது மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, அதன் மேல் ஆண்கள் வைத்திருக்கும் கட்டம் போட்ட கைக்குட்டையைக் கட்டியிருப்பாள் என்று. நான் எழுதியதில் எனக்குப் பிடித்த பத்தி அது ஒன்றுதான்.

அரங்கநாதன் படித்துவிட்டு அரை நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அச்சுக்கு அனுப்பினார். புத்தகம் கைக்கு வந்தபோது பார்த்தேன். கைக்குட்டைப் பத்தி இல்லை. அந்த இடத்தில் மூலம், பவுத்திரம் வைத்தியசாலை விளம்பரம் இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசிப் பக்கத்தில் அவள் பஸ் ஏறுகிற இடத்தில் என் கதை முடிகிறது. அதற்குக் கீழே அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்:

'அப்போதுதான் கண்டக்டர் கவனித்தான். அவள் கால்கள் தரையில் படவில்லை.'

கேட்டதற்கு, ஒரே ஒரு வரிதானே, மீதி எல்லாம் உன் இஷ்டப்படிதானே விட்டேன் என்றார். அந்த ஒரு வரியில் அவள் மறுபடியும் செத்துவிட்டாள். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. போட்டிருந்தாலும் புத்தகம் அதற்குள் பஸ் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

சவுரிராயனிடம் போய், அந்த வரி என்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினேன். அவர் ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது சூசை மேரி கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். கடையிலும் ஆள் இருந்தது. பேய் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வருகிறார்கள் என்று சூசை மேரி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். கடை பிழைத்துவிட்டது. அவள் என்னைத் திட்டவில்லை, எனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் டீ கொடுத்தாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடைசி வரியை எழுதியது நான் இல்லை என்றேன்.

"தெரியும். அது உங்க எழுத்து இல்ல. பொய்யி. காலு தரையிலதான் இருந்துச்சு, நான் பாத்தேனே" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாளாம். புதுச்சேரி பஸ்ஸில். சாலைக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்றாளாம். ரப்பர் செருப்பு, ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்ததாம். இவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பயந்து போய்விடுவாள் என்று உட்கார்ந்தே இருந்தாராம். இளைத்திருந்தாள் என்றார்.

வயசானவர், வெயில், அந்தப் பக்கம் யாராவது நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டீயைக் குடித்து முடித்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர் தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கையிலதான் இன்னாவோ பட்டிருக்குது. கர்ச்சீப் கட்டிக்கினு இருந்தா. ஆம்பளைங்க கர்ச்சீப்பு, கட்டம் போட்டது."

மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அச்சகத்தில் கழிந்த தாள்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்பவர்களுக்குப் போகும். அந்தப் பத்தி இருந்த பக்கம் பொட்டலமாக மடிந்து இவர் கைக்கு வந்திருக்கலாம். வேறு வழியே இல்லை. பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை வாங்கித் தின்பீர்களா என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பல்லு எங்க தம்பி இருக்குது?" என்று வாயைத் திறந்து காட்டினார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. நான் பார்க்கவில்லை, குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போன பிறகு அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்கக் காய்ப்பு.

"ஒரே ஒரு ஒதவி. மூணாவது எழுதாதீங்க. எதுவும் எழுதாதீங்க அவளப் பத்தி. இப்ப வந்துக்கினு இருக்கிறா. நீங்க ஒண்ணு எழுதப் போயி, வராம பூட்டான்னா?"

சரி என்றேன். அரங்கநாதன் மூன்றாம் பாகத்துக்கு வருடக்கணக்கில் ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. வேறு யாரையோ வைத்து எழுதப் பார்த்தார், சரிவரவில்லை. டி.வி. சீரியல்கள் வந்து அந்த வியாபாரமே படுத்துவிட்டது. ஐஸ் பேக்டரியும் மூடிவிட்டார்கள். இப்போது பெட்ரோல் பங்க்கில் வேலை, அங்கேயும் இரவு ஷிப்ட்தான். நாலு வழிச் சாலை போட்டபோது புளியமரங்களை வெட்டினார்கள். சூசை மேரி கடையைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சவுரிராயன் பெஞ்சும் அதோடு பின்னால் போனது. கண் மங்கிய பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார் என்று சொல்வாள். யார் வந்தது, யார் வரவில்லை என்று நான் கேட்டதில்லை.

சவுரிராயன் செத்தது இரண்டாயிரத்துப் பத்தில். முப்பதாம் நாள் பூசைக்கு வரச் சொல்லி சூசை மேரி போன் செய்தாள். பங்க்கிலிருந்து நேராகப் போய், கோயிலின் பின்வரிசையில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். கண் சொக்கியது. பூசை தொடங்குவதற்கு முன் மைக்கில் படித்தார்கள்.

"இன்றைய திருப்பலி சவுரிராயன் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. வேண்டுபவர், மகள் அமலோற்பவம்."

பெயர் கொடுத்தது சூசை மேரியாக இருக்கும். ஒருமுறை கொடுத்தவள்தானே. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்ட தலைகள் நிறைய. அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

திரும்பவில்லை. திரும்பினால் என்ன பார்த்தாலும் எழுதிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். இதை மூன்றாம் பாகம் என்று யாரும் சொல்ல முடியாது. இதில் அவளை நான் எங்கேயும் பார்க்கவில்லை.